தொழில் கேள்வி பதில்: பெக்டரிக்குள் ஒரு படிப்பு

இங்கே பதில் எழுதுபவர் தேயிலை பெக்டரியிலும், பிறகு பால் பொருள் தொழிற்சாலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலும் வேலை செய்தவர். இப்போது இலங்கையில் உணவுத் தொழிலுக்கு வரும் பயிலுநர்களுக்கு வழிகாட்டி வருகிறார். இந்த மாதக் கடிதங்களுக்கு அவர் எழுதிய பதில்கள்.

கேள்வி: அக்கா, சாதாரண தரத்தில் ஐந்து பாடம் சித்தி. கணிதம் இல்லை. அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறார். அண்ணா கொழும்பில் கடையில் நிற்கிறார், என்னையும் கார்மெண்டுக்கு வரச் சொல்கிறார். எனக்கு உணவு தயாரிக்கிற கம்பனி ஒன்றில் பயிலுநராகச் சேர ஆசை. கணக்கு இல்லாமல் எடுப்பார்களா? சம்பளம் தருவார்களா? – வாசகி, பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, முதலில் அண்ணாவோடு கோபித்துக்கொள்ள வேண்டாம். கார்மெண்டில் சேர்ந்த மாதமே கையில் காசு வரும். வீட்டு நிலையைப் பார்த்துத்தான் அவர் சொல்கிறார். பயிலுநருக்குக் கிடைப்பது முழுச் சம்பளம் அல்ல, மாதக் கொடுப்பனவு. அது சிறிய தொகை. போடிங் எடுத்துத் தங்கினால் அந்தக் காசு அங்கேயே போய்விடும். ஆகவே முடிந்தால் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய இடமாகப் பாருங்கள். இரவு ஷிஃப்ட் உண்டா, முடிகிற நேரத்துக்குத் தோட்டத்துக்கு பஸ் இருக்கிறதா, கம்பனி வேன் எந்தச் சந்திவரை வரும், இதையெல்லாம் சேருமுன் கேளுங்கள். நல்ல இடம் கிடைத்தும், இரவு பத்து மணிக்கு டவுனில் இறங்கி லயத்துக்குப் போக வழியில்லாமல் பாதியில் விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இனிப் படிப்பைப் பற்றி. நம் நாட்டில் பயிலுநர் பயிற்சிக்கென்றே ஒரு சட்டம் 1971இல் வந்தது. 1990ஆம் ஆண்டின் சட்டத்தோடு அந்த வேலை தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிடம் போனது. எல்லோரும் நைட்டா என்றுதான் சொல்வார்கள். தலைமை அலுவலகம் ராஜகிரியவில். அதற்காக நீங்கள் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, மாவட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், அவரிடம் கேட்டாலும் வழி சொல்வார். பயிலுநர் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்த பிறகு கம்பனிக்குள்ளேயே பயிற்சி. வேலை செய்கிற இடம்தான் வகுப்பறை. முடிவில் மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும். தேறினால் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ. அதில் 1 முதல் 7 வரை மட்டங்கள். முதல் நான்கும் சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். நீங்கள் கண் வைக்க வேண்டியது மூன்றாம், நான்காம் மட்டங்களில்.

கணிதச் சித்தி எல்லாத் தொழிலுக்கும் கட்டாயமில்லை, தொழிலுக்குத் தொழில் நிபந்தனை மாறும். ஆனால் கணக்கே வேண்டாம் என்று நினைத்து வராதீர்கள். உணவுத் தொழிலில் கணக்கு காலையில் கதவைத் திறந்ததுமே தொடங்கிவிடும். 5 சதவீதக் குளோரின் கரைசல் ஒரு கலனில் இருக்கிறது. மேசை துடைக்க 10 லீற்றர் தண்ணீரில் 100 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 100 பங்கு) வருமாறு கலக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு ஊற்றுவீர்கள்? 20 மில்லிலீற்றர். குறைந்தால் கிருமி சாகாது, கூடினால் உணவில் வாடை ஏறும். பேக்கரிக்குப் போனால் எல்லாமே மாவின் எடைக்கு இத்தனை சதவீதம் என்றுதான் எழுதியிருக்கும். 50 கிலோ மூட்டைக்கு உப்பு 2 சதவீதம் என்றால் ஒரு கிலோ என்று வாய் உடனே சொல்ல வேண்டும். சதவீதம், விகிதம், கிராமைக் கிலோவாக்குவது, இந்த மூன்றையும் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துப் போட்டுப் பழகுங்கள். அது போதும். பரீட்சையில் போன கணக்கு வேலையில் வந்துசேர்ந்த பிள்ளைகள் நிறையப் பேர்.

எங்கே போவது? உங்கள் பக்கம் தேயிலை பெக்டரிகள். அம்பேவலப் பக்கமும் திகனையிலும் பால் பதனிடும் தொழிற்சாலைகள். எல்லா டவுனிலும் பேக்கரி. போத்தல் தண்ணீர் நிரப்பும் இடங்களும், நுவரெலியாவில் பழம், காய்கறியைப் பதப்படுத்துகிற சிறிய இடங்களும் உண்டு. பேர் பெரிய கம்பனிதான் வேண்டும் என்று நிற்காதீர்கள். என் அனுபவத்தில் பயிலுநருக்கு நல்ல இடம் என்பது, ஒரு பிரிவிலேயே போட்டு வைக்காமல் மூலப்பொருள் வருகிற வாசல் தொடங்கிப் பொதி வெளியே போகிற வாசல்வரை மாற்றி மாற்றி நிறுத்துகிற இடம். நேர்முகத்தில் அதைத்தான் கேளுங்கள்: “என்னை எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதம் வைப்பீர்கள்? எனக்குப் பொறுப்பாக இருக்கப்போகிறவர் யார்? கடைசியில் என்.வி.கியூ. மதிப்பீட்டுக்கு அனுப்புவீர்களா?” ஒரு பெண்பிள்ளை இப்படிக் கேட்டால் திமிர் என்று நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். பிள்ளைகளைப் பழக்குகிற எண்ணமுள்ள மனேஜருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். பதில் சொல்ல முடியாதவர் உங்களைக் குறைந்த கூலிக்கு ஓர் ஆளாகத்தான் எடுக்கிறார்.

கேள்வி: மிஸ், என் மகன் எட்டு வருடமாகத் தோட்டத்து பெக்டரியில் தேயிலை காயவைக்கிற ட்ரையரில் நிற்கிறான். டீமேக்கர் லீவில் போனால் அவன்தான் பார்க்கிறான். ஆனால் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வேறு இடத்துக்குக் கேட்டுப் போனால் “சேர்டிபிகேட் எங்கே” என்கிறார்கள். இனி அவன் பயிலுநராகப் போக முடியுமா? வயது 29. – ஒரு தகப்பன், மஸ்கெலியா

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டாம் முறையும் படித்தேன். உங்கள் மகன் மறுபடியும் முதலிலிருந்து பயிலுநராகத் தொடங்க வேண்டியதில்லை. அவர் கையில் இருக்கிற வேலைக்கே சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது.

அதற்கு முன் அந்த வேலையைப் பற்றி நாலு வார்த்தை, ஏனென்றால் அவரே அதைச் சின்ன வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். ட்ரையருக்குள் போகிற காற்று 90, 95 பாகை செல்சியசில் நிற்க வேண்டும். வெளியே வருகிற காற்று 50ஐத் தாண்டி இருக்க வேண்டும். சூடு குறைந்தால் தேயிலை காயாமல் உள்ளே அவிந்துபோகும், கோப்பையில் ஊற்றினால் ருசி செத்திருக்கும். சூடு கூடினால் மேற்புறம் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும். அன்று பார்க்க நன்றாக இருக்கும், பொதியில் கிடந்த பிறகு கெடும். சுமார் இருபது நிமிடத்தில், ஈரம் 3 சதவீத அளவில் வந்து விழ வேண்டும். மழை நாளில் கொழுந்து சரியாக வாடாமல் வந்திருக்கும், விறகும் ஈரமாக இருக்கும். அன்றைக்குப் பரப்புகிற கனத்தைக் குறைப்பதா, அடுப்பின் சூட்டைக் கூட்டுவதா என்று நின்ற இடத்தில் முடிவெடுக்கிறவர் உங்கள் மகன். ட்ரையரின் வாயிலிருந்து விழுகிற தேயிலையை ஒரு பிடி அள்ளி, நெரித்துப் பார்த்து, மூக்குக்குக் கொண்டுபோய் அவர் தலையாட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தலையாட்டலுக்குள் எட்டு வருடப் படிப்பு இருக்கிறது. 100 கிலோ பச்சைக் கொழுந்தில் 21, 22 கிலோ தேயிலைதான் கிடைக்கும். மலையில் அத்தனை பெண்கள் நாள் முழுக்க எடுத்த கொழுந்து அவருடைய இருபது நிமிடத்தில் கெடவும் செய்யலாம், விலை போகவும் செய்யலாம்.

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்ட நாளுக்குப் பிறகு, நம் ஆட்கள் பெக்டரி வேலையை ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுத்தான் இவ்வளவு தூரம் கொண்டுவந்தார்கள். தகப்பன் கொழுந்து உருட்டுகிற ரோலரில் நின்றால் மகன் பக்கத்தில் நின்று பழகுவான். பயிலுநர் பயிற்சிதான் அது, பதிவுதான் இல்லை. அதனால் பெக்டரி மூடினாலோ கம்பனி மாறினாலோ தெரிந்த வேலைக்கு ஆதாரம் காட்ட முடியாமல் போனது. இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை, ஏனென்றால் இன்றும் அதுவேதான் நடக்கிறது.

வழி இதுதான். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு முறை இருக்கிறது, ஆர்.பி.எல். என்று கேட்டால் தெரியும். நைட்டா, தொழிற்பயிற்சி அதிகார சபை போன்ற இடங்களில் விண்ணப்பிக்கலாம். அவர் செய்கிற வேலைக்குப் பொருந்தும் தகைமைத் தரம் எது, எந்த மட்டம் என்று முதலில் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பிறகு ஆதாரங்களைச் சேர்க்க வேண்டும். சேவைக் கடிதம், சம்பளத் துண்டுகள், ட்ரையர் வெப்பநிலை எழுதுகிற பதிவேட்டில் அவர் கையெழுத்துள்ள பக்கங்களின் பிரதி (அனுமதி கேட்டு எடுக்கட்டும்), இயந்திரத்தருகே வேலை செய்கிற படம் ஒன்றிரண்டு. சேவைக் கடிதம் தர இழுத்தடித்தால் சோர்ந்துவிட வேண்டாம். ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் எந்த நிறுவனம் எந்தக் காலத்துக்குப் பணம் கட்டியது என்பது இருக்கும், அதுவும் ஆதாரம்தான். மதிப்பீட்டாளர் பேசிப் பார்ப்பார், செய்யச் சொல்லிப் பார்ப்பார். சில பகுதிகளில் தேறாவிட்டாலும் தேறிய பகுதிகள் வீண்போகாது, குறைந்ததை மட்டும் பயின்று திரும்பப் போகலாம்.

ஆட்கள் தடுமாறுவது செய்முறையில் அல்ல, கேள்வியில். “ஏன் இந்தச் சூடு?” என்றால் “எப்பவும் அப்படித்தான் சேர்” என்று சொல்லிவிடுவார்கள். செய்கிற ஒவ்வொன்றுக்கும் காரணத்தை வாயால் சொல்லிப் பழகச் சொல்லுங்கள். இரவு சாப்பாட்டு நேரத்தில் நீங்களே கேளுங்கள், அவர் உங்களுக்குச் சொல்லட்டும். தலவாக்கலை செயின்ட் கூம்ஸில், 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அத்துருகிரியவில் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் இருக்கிறது. தோட்ட உத்தியோகத்தர்களுக்கான பாடநெறிகளை அவர்கள் நடத்துகிறார்கள். சான்றிதழ் கிடைத்த பின் பெக்டரி ஒபிசர் வேலைக்கு ஏற நினைத்தால் அடுத்த கதவு அங்கே.

கேள்வி: அக்கா, நான் பால் பொருள் செய்கிற இடமொன்றில் பயிலுநர். நாலு மாதமாகக் கூடை கழுவுவதும் தரை கழுவுவதும்தான். யோகட் செய்யும் அறைக்குள் விடவே இல்லை. இதற்கா நான் வந்தேன்? விட்டுவிடலாமா? – வாசகர், கண்டி

பதில்: தம்பி, இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டையும் கேளுங்கள்.

கழுவுவது கேவலமான வேலை அல்ல. உணவுத் தொழிலில் பாதி கழுவுவதுதான். பால் பாஸ்டரைஸ் ஆவது, அதாவது கிருமி சாகச் சூடாவது, 72 பாகையில் 15 விநாடி. அந்த 15 விநாடியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு பால் தொடுகிற குழாய், வால்வு, தொட்டி, கப் எல்லாம் சுத்தமாக இருக்கின்றனவா என்பதுதான் யோகட் கெடுமா கெடாதா என்பதைத் தீர்மானிக்கிறது. எங்கள் இடத்தில் ஒருமுறை யோகட் இரண்டு நாளில் புளித்து மூடி உப்பிக்கொண்டு கடைகளிலிருந்து திரும்பி வந்தது. பாலைச் சோதித்தோம், சரி. பாலில் இடுகிற உறையைச் சோதித்தோம், சரி. கடைசியில் நிரப்பும் இயந்திரத்தில் ஒரு ரப்பர் வளையம். விரல் நுனி அளவுதான். அதன் அடிப்பக்கத்தில் மஞ்சள் பூத்தாற்போல ஒரு படை. கழுவுகிறவர்கள் மேலே தண்ணீர் அடித்திருக்கிறார்கள், வளையத்தைக் கழற்றவில்லை. கழற்ற வேண்டும் என்று அவர்களுக்கு ஒருவரும் காட்டித்தரவுமில்லை.

அதனால் கழுவுகிற இடத்திலேயே நீங்கள் கற்க வேண்டியவை நிறைய. முதலில் வெறும் தண்ணீர் ஏன்? காஸ்டிக் சோடாவை ஏன் 70, 80 பாகைச் சூட்டில் ஓட்டுகிறோம்? கொழுப்பையும் புரதத்தையும் அதுதான் கரைக்கும். பிறகு அமிலம் ஏன்? குழாயில் கல்போல் படிகிற பால் உப்பை எடுக்க. நடுவில் ஏன் நன்றாக அலச வேண்டும்? காஸ்டிக்கும் அமிலமும் சந்திக்கக் கூடாது. கையுறை, கண்ணாடி இல்லாமல் காஸ்டிக் கலனைத் தொடாதீர்கள், யார் அவசரப்படுத்தினாலும் தொடாதீர்கள். நாலு மாதத்தில் இவ்வளவும் யாராவது சொல்லித்தந்து நீங்கள் கற்றிருந்தால் அது பயிற்சி.

சொல்லித்தரவில்லை, ஹோஸைக் கையில் கொடுத்து விட்டுவிட்டார்கள் என்றால் அது பயிற்சியல்ல. அங்கேதான் உங்கள் கோபம் நியாயம். பயிற்சித் திட்டம் என்று ஒன்று எழுதியிருக்கும், எந்த மாதம் எந்தப் பிரிவு என்று. அதன் பிரதியைக் கேளுங்கள். உங்கள் நாட்குறிப்பை எடுங்கள். பயிலுநர் நாட்குறிப்பில் நாலு மாதமும் “சுத்தம் செய்தேன்” என்று மட்டும் இருந்தால் அதுவே உங்கள் முறைப்பாடு. பொறுப்பாளரிடம் மரியாதையாகக் காட்டிப் பேசுங்கள். அசையவில்லை என்றால் உங்களைப் பதிவு செய்த மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். பார்வையிட வருகிற உத்தியோகத்தரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் வரும் நாளில் மட்டும் வெள்ளைக் கோட்டு போட்டு யோகட் அறையில் நிற்க வைத்தால் அதையும் சொல்லுங்கள். இப்போது விட்டுவிடாதீர்கள். நாலு மாதம் உழைத்தவர் நீங்கள், பயிற்சியைக் கேட்டு வாங்க வேண்டியவரும் நீங்கள்தான்.

நாட்குறிப்பு என்றதும் ஒன்று. என்னிடம் பயின்ற ஒரு பிள்ளை எழுதிய பக்கம் இன்னும் நினைவில் இருக்கிறது: “இன்று பால் வந்தது 6.40. வெப்பநிலை 7. நேற்று 4. லொறி வட்டவளையில் நின்றதாம். அற்ககோல் சோதனையில் திரியவில்லை. சேர் எடுக்கச் சொன்னார், ஆனால் முதலில் இதைப் பதனிடச் சொன்னார்.” எழுத்துப்பிழையோடுதான் எழுதியிருந்தாள். அந்த ஐந்தாறு வரியில் ஒரு தரக் கட்டுப்பாட்டு உத்தியோகத்தர் யோசிக்கிற அத்தனையும் இருக்கிறது: என்ன வந்தது, ஏன் மாறியது, சோதித்தது என்ன, முடிவு என்ன. நீங்களும் அப்படி எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும்.

கேள்வி: மகளைப் பிஸ்கட் கம்பனியில் பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள். பொட்டு வைக்கக் கூடாது, கோயிலில் கட்டிய கயிற்றையும் வெட்ட வேண்டும் என்கிறார்களாம். தமிழ்ப் பிள்ளை என்பதற்காகவா? மனம் கேட்கவில்லை. – ஒரு தாய், தலவாக்கலை

பதில்: அம்மா, உங்கள் மனம் வலிப்பது புரிகிறது. நம் பக்கத்தில் அப்படி ஒரு சந்தேகம் வருவதற்குக் காரணங்களும் உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் அப்படியில்லை. ஸ்டிக்கர் பொட்டு வியர்வையில் கழன்று மாவில் விழும். கயிறு நனைந்து கிருமி பிடிக்கும், நூல் பிரிந்து இயந்திரத்தில் மாட்டும். சிங்களப் பிள்ளைகள் கையில் கட்டுகிற பிரித் நூலுக்கும் இதே சட்டம்தான். வளையல், மோதிரம், தோடு, கைக்கடிகாரம், தலையில் பூ, நகப்பூச்சு எல்லாம் வாசலில் நின்றுவிடும். உணவுத் தொழிற்சாலைகளின் சுகாதாரத்துக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். 143 என்ற விதிமுறைக் கோவையே இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டமும் இருக்கிறது.

விரல் வெட்டினால் ஒட்டுகிற பிளாஸ்டர்கூட அங்கே நீல நிறம். நீல நிறத்தில் உணவு அநேகமாக இல்லை, விழுந்தால் கண்ணில் படும். சிலவற்றுக்குள் மெல்லிய உலோகத் தகடும் இருக்கும், பொதி மூடிய பிறகும் உலோகம் கண்டுபிடிக்கும் கருவி காட்டிக்கொடுக்கும். அவ்வளவு கவனம் எடுக்கிற கம்பனி என்றால் உங்கள் மகள் நல்ல இடத்தில்தான் சேர்ந்திருக்கிறாள். கயிற்றைக் கோயிலிலேயே முறையாக அவிழ்த்துவிட்டு அனுப்புங்கள். பொட்டை வேலை முடிந்து வரும்போது வைத்துக்கொள்ளட்டும். அதைவிட முக்கியமாக ஒன்று சொல்லி அனுப்புங்கள்: வயிற்றோட்டமோ காய்ச்சலோ கையில் புண்ணோ இருந்தால் மறைக்காமல் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். ஒரு நாள் கொடுப்பனவு போய்விடுமே என்று மறைத்தால் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு நோய் போகும்.

வேலைக்கு வந்தபின் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டால் அப்போது எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 15. பேக்கரியில் பழகலாமா? – நோர்வூட்

பதில்: இல்லை தம்பி. 2021 முதல் வேலைக்கான குறைந்த வயது 16. ஆபத்தான வேலைகளுக்கு 18. அடுப்பும் மா பிசைகிற இயந்திரமும் விளையாட்டல்ல. பாடசாலையில் இருங்கள். சாதாரண தரம் எழுதிய பிறகு, பெறுபேறு எப்படி வந்தாலும், 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில் தொழிற்பாடப் பிரிவு இருக்கிற பாடசாலை கிட்ட எங்கே என்று அதிபரிடம் கேளுங்கள். பேக்கரித் தொழிலுக்கு என்.வி.கியூ. தகைமை இருக்கிறது, அது எங்கும் ஓடிப்போகாது.

கேள்வி: உயர்தரம் விஞ்ஞானப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி காணாது. பயிலுநராகப் போனால் வாழ்க்கை முழுக்கத் தொழிலாளியாகவே நின்றுவிடுவேனோ என்று அப்பா பயப்படுகிறார். – வாசகி, பண்டாரவளை

பதில்: அப்பாவின் பயம் ஒரு காலத்தில் சரி. இப்போது பாதை மேலே போகிறது. நான்காம் மட்டத்தோடு ஐந்தாம், ஆறாம் மட்ட டிப்ளோமாவுக்குப் போகலாம். அங்கிருந்து இரத்மலானையில் உள்ள வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு (யுனிவொடெக்) விண்ணப்பிக்கலாம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த பல்கலைக்கழகம் அது. உணவு பதனிடல் தொழில்நுட்பத்தில் பட்டம் தருகிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில், பதுளையில், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமே பட்டப்படிப்பு. ஆனால் அதற்கு உங்கள் இசட் புள்ளி வெட்டுப்புள்ளியைத் தொட வேண்டும். இன்னொரு முறை உயர்தரம் எழுத மனமிருந்தால் எழுதுங்கள், அதற்காக ஒரு வருடம் முழுக்க வீட்டில் சும்மா இருக்காதீர்கள்.

உயிரியலும் இரசாயனமும் படித்தவர் என்பதால் ஆய்வுகூடப் பக்கம் கேட்டுப் பாருங்கள். பி.எச். பார்ப்பது, ஈரம் பார்ப்பது, தட்டில் கிருமி வளர்த்து எண்ணுவது எல்லாம் உங்களுக்குப் பாடசாலையிலேயே பாதி தெரிந்தவை. போத்தல் தண்ணீர் கம்பனிகளில்கூட ஆய்வுகூடம் உண்டு, எஸ்.எல்.எஸ். 894 தரத்துக்கு நிற்க வேண்டுமே. ஒன்று மட்டும்: ஆய்வுகூடத்தில் இடம் கிடைத்தாலும் உற்பத்தித் தளத்தில் சில மாதம் நிற்கக் கேளுங்கள். தளத்தில் நிற்காதவர் எழுதுகிற அறிக்கையைத் தளத்தில் உள்ளவர்கள் மதிப்பதில்லை, அவர்கள் மதிக்காததில் நியாயமும் இருக்கிறது.

கேள்வி: ஒப்பந்தம் சிங்களத்தில் இருக்கிறது. வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். இன்னொன்று, பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. பிரச்சினை வருமா? – வாசகர், ஹப்புத்தளை

பதில்: வாசிக்காமல் போடாதீர்கள். தமிழும் அரச கரும மொழி. அரச பயிற்சி நிறுவனத்தின் பத்திரம் தமிழில் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, கெஞ்ச வேண்டியதில்லை. தமிழ்ப் பிரதி கைக்கு வர நாளெடுக்கும் என்றால், வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு மொழியும் தெரிந்த ஆசிரியர் ஒருவரைக் கொண்டு வரிவரியாக வாசித்துக் கேளுங்கள். பயிற்சிக் காலம், கொடுப்பனவு, வேலை நேரம், விடுமுறை, விபத்து நடந்தால் யார் பொறுப்பு, இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டுமா, இவை எங்கே எழுதியிருக்கின்றன என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட பிறகு ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பெயர் விஷயம் சின்னதில்லை, தம்பி. தோட்டப் பகுதியில் பிறப்பைப் பதியும்போது எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்ட பெயர்கள் ஏராளம். சான்றிதழ் எந்தப் பெயரில் அச்சாகிறதோ அந்தப் பெயரைத்தான் பிறகு வெளிநாட்டு முகவரும் பாஸ்போர்ட் அலுவலகமும் பார்க்கும். பயிற்சி முடிந்த பிறகு திருத்தினால் ஒவ்வொரு பத்திரத்துக்கும் தனித்தனியாக அலைய வேண்டி வரும். விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்னமே, பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவுக்குப் போங்கள். எந்தப் பத்திரத்தைத் திருத்துவது என்று அவர்களே சொல்வார்கள். போவதற்கு முன் அரச தகவல் நிலையத்தின் 1919 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். திருத்தம் கைக்கு வரும்வரை ஒப்பந்தத்தில் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள்.